விஜயதசமியன்று மிஷின் கேட்ட கேள்வி

முதல் நாள் வகுப்பில் மிஸ் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்த மிஷின் சொன்ன வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் வாயே திறக்காது. தப்பு நடந்தால் மட்டும்தான் பேசும்.

"அப்ப செஞ்சுதா இல்லையான்னு எப்படி மிஸ் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டேன்.

"டாலர் திரும்பி வந்துச்சா? வந்துட்டா செஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் ஒரு $ குறி. அதற்குப் பக்கத்தில் கண் சிமிட்டும் சின்னக் கட்டம். நான் அதுவரை படித்ததெல்லாம் வாத்தியார் முகத்தைப் பார்த்துப் படித்ததுதான். சரியென்றால் தலை அசையும், தப்பென்றால் பிரம்பு அசையும், இரண்டில் ஒன்று நடந்தே தீரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். ராஜபாளையத்தில் கல்லூரி வரை போய்க் கணக்குப் படித்து முடித்திருந்தேன். அவ்வளவு படித்த பிறகும், முகமே இல்லாத ஒன்றிடம் பாடம் கேட்க எனக்குத் தெரியவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு டாலரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று பயம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பால்கோவா கடையின் மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கீழே பால் சுண்டுகிற வாசனை காலையிலிருந்து மாடிக்கு ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணாடித் தடுப்புக்குள் ஏசி போட்டு ஒரே ஒரு யுனிக்ஸ் மிஷின். வெளியே ஹாலில் அதோடு வயரால் இணைத்த திரைகளும் கீபோர்டுகளும். அவற்றுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. எல்லோரும் அந்த ஒரு மிஷினின் மூளையைத்தான் பங்கு போட்டுக்கொண்டோம்.

சென்டரின் முதலாளி ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவருக்குப் பிரதானத் தொழில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். இனிமேல் காலம் கம்ப்யூட்டருக்குத்தான் என்று யாரோ சொல்லி இதையும் தொடங்கியிருந்தார். சொல்லிக்கொடுக்கிற மிஸ் மதுரைக்காரர். என்னைவிட ஓரிரு வயதுதான் கூட இருக்கும். அவரும் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துத் தானாகவே படித்தவர். எங்களைவிட ஓர் அத்தியாயம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அதைத் தாண்டிக் கேட்டால், "நாளைக்குக் கேளு" என்பார். மறுநாள் கேட்டால் பதில் இருக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அப்பா. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில், பஞ்சுப் பொதியை உடைத்து உதறும் ப்ளோ ரூமில் வேலை பார்த்தார். அந்த மில்லுக்கு யுனிக்ஸ் மிஷின் ஒன்று வரப் போகிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. அப்பா ஷிப்ட் முடிந்து மேனேஜர் அறை வாசலில் தினமும் போய் நின்றிருக்கிறார். கடைசியில் மேனேஜர், சென்டரில் இருந்து இரண்டு பையன்களை எடுத்துச் சோதித்துப் பார்ப்பதாகவும், அதில் நானும் ஒருவன் என்றும் சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தேறாவிட்டால் ஸ்பின்னிங்கில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஆயுத பூஜை முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று.

அப்பா அதை வீட்டில் வந்து சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அந்த மிஷினு வைக்கப் போற ரூமுக்குள்ள செருப்பக் கழட்டிட்டுத்தான் போகணுமாம்லே. ஒரு இழை பஞ்சு உள்ள போகக் கூடாதாம். போனா மிஷினு கெட்டுப் போகும்னு அவிய சொல்லுதாவ." சொல்லிவிட்டு இருமினார். இருமி முடித்துத் தலையைத் துவட்டினார். துண்டு பஞ்சால் வெள்ளையாக இருந்தது. "பஞ்சே இல்லாம அந்த மில்லுக்குள்ள ஒரு ரூம் வரப் போகுது பாத்துக்க" என்றார்.

அந்த அறைக்காகத்தான் எங்கள் ஊர் சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் வந்து, அங்கே பஸ் மாறி, தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டிருந்தேன்.

மில் சோதிக்கப் போகும் இன்னொருவன் வத்திராயிருப்புக்காரன். வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டுப் பையன். யாரைப் பார்த்தாலும் 'மாப்ள'தான். பாதி நாள் வரமாட்டான். வந்தாலும் கீழே போய்ப் பால்கோவா வாங்கி வந்து, ஏசி அறைக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு தின்பான். ஆனால் அவனுக்கு மண்டையில் சட்டென்று ஏறும்.

திரையில் வரவேண்டியதை ஒரு ஃபைலுக்குள் திருப்பிவிடும் பாடம் வந்தது. அதற்கு > என்று ஒரு குறி. ஃபைல்களின் பட்டியலைக் கேட்டு, கூடவே அந்தக் குறியையும் போட்டேன். திரையில் எதுவும் வரவில்லை. டாலர் மட்டும் திரும்பி வந்து நின்றது.

"எங்க மிஸ் போச்சு?"

"ஃபைலுக்குள்ள போயிருச்சு."

எனக்குப் புரியவில்லை. அடுத்து >> என்று இரண்டு குறி போட்டால் வேறு மாதிரி என்றார். அது சுத்தமாகப் புரியவில்லை. வத்திராயிருப்புக்காரன்தான் சொன்னான்.

"மடையத் திருப்பி விடுறதுதான மாப்ள. ஒரு கொம்பு போட்டேன்னா, வயல்ல கிடக்கிற தண்ணிய பூரா வடிச்சிட்டுப் புதுசு வந்து நிக்கும். ரெண்டு கொம்பு போட்டா, கிடக்கிற தண்ணி மேலயே ஏறி நிக்கும். பாத்துத் திருப்பு. இல்லேன்னா உள்ளதும் போயிரும்."

மிஸ் சிரித்துவிட்டார். "இனிமே கிளாஸ நீயே எடு" என்றார்.

வி.ஐ. என்ற எடிட்டரை மட்டும் அவனாலும் எளிதாக்க முடியவில்லை. அதற்குள் போனால் எழுத்து அடிக்கலாம் என்று எல்லோரும் நினைப்போம். அடித்தால் எழுத்து வராது. ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஒரு கட்டளை. முதலில் ஐ அமுக்கினால்தான் எழுத விடும். எழுதி முடித்ததும் எஸ்கேப் அமுக்க வேண்டும். மறந்து ஏதாவது அடித்தால், ஒரு வரி காணாமல் போகும், அல்லது இரண்டு வரி ஒன்றாகும், அல்லது கீச்சென்று கத்தும். வெளியே வரத் தெரியாமல் ஒரு நாள் பஸ்ஸை விட்டிருக்கிறேன். மிஸ் வந்து எஸ்கேப், கோலன், க்யூ என்று அமுக்கி என்னை வெளியே எடுத்துவிட்டார்.

ஒரு தடவை முடிவே இல்லாமல் சுற்றுகிற ஒரு வேலையைப் பின்னணியில் ஓடவிட்டுவிட்டேன். ஹால் முழுக்க எல்லோருடைய திரையும் உறைந்துபோனது.

"எவன்லே அது?" என்று குரல் எழும்பியது.

"நான்தான்" என்று கையைத் தூக்கினேன். ஓடுகிற வேலைகளைக் காட்டும் கட்டளையை மிஸ் போடச் சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் இருந்தது. எதைக் கொல்ல வேண்டுமோ அதன் எண்ணைக் கொடுத்து, கில் என்று சொல்ல வேண்டும். நான் பதற்றத்தில், மிஷினோடு நான் பேசிக்கொண்டிருந்த என் ஷெல்லின் எண்ணையே கொடுத்துவிட்டேன். திரை என்னை வெளியே தள்ளி, நீ யார் என்று மறுபடி கேட்டது. சுற்றிக்கொண்டிருந்த வேலை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாலே சிரித்தது. வத்திராயிருப்புக்காரன், "மாப்ள தன்னையே போட்டுத் தள்ளிட்டான்லே" என்று ஒரு வாரம் சொல்லித் திரிந்தான்.

இப்படித்தான் கற்றேன். கற்றேன் என்பதைவிட, எது எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டேன்.

சோதனைக்கு ஆளுக்கு ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று மில்லில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். எந்த மிஷின், எந்த ஷிப்ட், எத்தனை கிலோ நூல் என்று இருக்கிற ஒரு ஃபைலைப் படித்து, ஷிப்ட் வாரியாகக் கூட்டிக் காட்ட வேண்டும். வத்திராயிருப்புக்காரன் அதை ஒரே வாரத்தில் எழுதி வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நான் தினமும் அதில் உட்கார்ந்தேன். கூட்டல் வந்தது. பிறகு தலைப்பு வைத்தேன். பிறகு ஷிப்டுகளுக்கு நடுவே கோடு போட்டேன். எந்த மிஷின் மட்டமாக ஓடியது என்று கடைசியில் ஒரு வரி வரச் செய்தேன். அதை அப்பாதான் கேட்டார். "எது சவலையா ஓடுதுன்னு சொல்லுமா அது?" என்றார். சொல்ல வைத்தேன். நோட்டில் எழுதிப் பார்க்காமல் நேராகத் திரையிலேயே எழுதும் அளவுக்கு வி.ஐ. கைக்கு வந்துவிட்டதில் எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. காகிதத்தில் நகல் எடுக்கவில்லை. சென்டரின் பிரிண்டருக்கு ரிப்பன் வாங்கிப் பல நாளாகியிருந்தது.

சோதனை, விஜயதசமிக்கு மறுநாள் என்று முடிவானது.

யுனிக்ஸ் மிஷினை விளக்கை அணைப்பது போல அணைக்க முடியாது. ரூட் என்ற பெரிய பெயரில் உள்ளே போய், நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். அது ஓடுகிற வேலைகளை ஒவ்வொன்றாக முடித்து, நினைவில் வைத்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி, இனி அணைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம். ரூட்டின் பாஸ்வேர்டு மிஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் சாயங்காலம் மிஸ்தான் நிறுத்திவிட்டுப் போவார். ஆயுத பூஜைக்கு மதுரைக்குக் கிளம்பும்போது, நாங்கள் இருவரும் பழகிக்கொள்ளட்டும் என்று மிஷினை ஓடவிட்டே போனார். எங்களுக்குச் செய்த உபகாரம் அது.

ஆயுத பூஜையன்று காலையிலேயே போய்விட்டேன். ஹாலில் நான் மட்டும்தான். வத்திராயிருப்புக்காரன் வீட்டு டிராக்டருக்குப் பொட்டு வைக்க நின்றுவிட்டான். தலைப்பு வரிகளை இன்னும் கொஞ்சம் நேராக்கிக்கொண்டிருந்தபோது, முதலாளி ராஜபாளையத்தில் தறிகளுக்குப் பூஜையை முடித்துவிட்டு வந்தார். சந்தனம், குங்குமம், பூ, எலுமிச்சம்பழம், கர்ப்பூரம் எல்லாம் ஒரு தாம்பாளத்தில்.

"எந்திரி தம்பி. நல்ல நேரம் போயிட்டிருக்கு. மிஷின நிறுத்து."

"நிறுத்த முடியாது முதலாளி. பாஸ்வேர்டு மிஸ்ஸுக்குத்தான் தெரியும்."

"ஏமய்யா! எம் மிஷின நிறுத்த எனக்கு வழியில்லையா?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

"யாருக்கும்னா, எனக்குமா?"

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, மதுரையில் மிஸ்ஸின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். மிஸ் கோயிலுக்குப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்றார்கள். திரும்பி வந்து சொன்னேன். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓடுற மிஷினுக்கே பொட்டு வச்சிரலாமே முதலாளி?"

"ஓடுற தறிக்கு எவனாச்சும் பூசை போடுவானா? வருசம் பூரா நிக்காத மில்லே இன்னைக்கு நிக்குது. ஒங்கப்பன் மில்லு நிக்குதா இல்லையா? அதுகளும் ஒரு நாளு மூச்சு விடணும்ல. எந்திரி."

அவர் சொன்னது சரிதான், மில் நின்றுதான் இருந்தது. அப்பாவும் அன்று வீட்டில்தான் இருந்தார். நான் எழுதியதைச் சேமித்து வெளியே வந்தேன். நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை ஒன்றை மிஸ் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தார். சிங்க் என்று பெயர். அதற்கு ரூட்டாக இருக்க வேண்டியதில்லை. அடித்தேன். டாலர் உடனே திரும்பி வந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சது முதலாளி."

அவர் சுவிட்சை அணைத்தார். உள்ளே இரைந்துகொண்டிருந்தது மெல்ல இறங்கி நின்றது. திரைகளில் வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. முதலாளி ஒவ்வொரு திரைக்கும் சந்தனம் வைத்து, அதில் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். இதற்குச் சக்கரம் இல்லை. செத்த நேரம் யோசித்துவிட்டு மிஷின் தலைமேலேயே வைத்தார். எனக்கும் விபூதி பூசிவிட்டு, "ஒனக்குத்தான் வேலை கெடைக்கும் பாரு" என்றார். மனதாரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், அம்மா என் நோட்டுகளை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, மேலே துணியைப் போட்டுப் பூ வைத்திருந்தாள். விஜயதசமி வரை தொடக் கூடாது. சோதனைக்கு முன்னால் எனக்கு மிஷினும் இல்லை, நோட்டும் இல்லை.

விஜயதசமியன்று காலையில் சென்டர் படி முழுக்கப் பிள்ளைகள். நல்ல நாளில் கம்ப்யூட்டரில் முதல் எழுத்து அடிக்க வைக்க வேண்டும் என்று அப்பா அம்மாக்கள் கூட்டி வந்திருந்தார்கள். மிஸ் மறுநாள்தான் வருவார். முதலாளி என்னைக் கூப்பிட்டு மிஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு, அவரே சுவிட்சைப் போட்டார்.

மிஷின் வழக்கம் போல எழும்பவில்லை. தன்னைச் சரியாக நிறுத்தவில்லை என்று கண்டுகொண்டது. டிஸ்க்கைச் சோதிக்கட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்'.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

சொன்னேன். "ஆமான்னு போடு" என்றார். போட்டேன். அது ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துக்கொண்டே போனது. பிறகு ஒரு வரி வந்து நின்றது. கெட்டுப்போன ஒரு ஃபைல். அதற்குப் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும். அதற்குச் சொந்தக்காரர் என்ற இடத்தில், சென்டர் எனக்குக் கொடுத்திருந்த மாணவர் எண். கடைசியாக எழுதப்பட்ட நேரம், முதலாளி தாம்பாளத்தோடு வந்த நேரம். வரியின் முடிவில் ஒரு கேள்வி. அழிக்கட்டுமா?

என் கை கீபோர்டின் மேல் நின்றுவிட்டது.

"என்னய்யா?"

"இது என்னோட ஃபைலு முதலாளி. அழிக்கட்டுமான்னு கேக்குது."

"எந்த ஃபைலு?"

"பேரு சொல்ல மாட்டேங்குது. ஆனா என்னுதுதான்."

"வேண்டாம்னு போட்டா?"

"தெரியலை."

"மிஷினு வருமா, வராதா?"

"தெரியலை முதலாளி. மிஸ் வார வரைக்கும் அப்படியே விட்டிருவோம்."

அவர் படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது. பிறகு குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கோபமாகக்கூட இல்லை.

"தம்பி, நல்ல நாள் அதுவுமா, பூசை போட்டு எழுப்புன மிஷினுகிட்ட வேண்டாம்னா சொல்லுவாங்க? எங்க பட்டறையில இன்னைக்கு நூல் அறுந்தாக்கூட அறுந்துச்சுன்னு வாயில எடுக்க மாட்டோம். அது எது கேட்டாலும் ஆமான்னு போடு. பொறவு பாத்துக்கலாம்."

ஒய்யை அமுக்கினேன். அதற்கடுத்து இன்னொரு வரி. அதுவும் என் எண்தான். அதற்கும் ஒய். நான் சேமித்தபோது மிஷின் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டதெல்லாம் அவை. வத்திராயிருப்புக்காரனின் எண் வரவே இல்லை. அவன்தான் பல வாரமாகத் தன் ஃபைலைத் தொடவில்லையே. தொடாதது டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. கடைசி நாள் வரை தொட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

மிஷின் எழும்பியது. படியில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

நான் முதலில் என் இடத்துக்குப் போய்ப் புரோகிராமைக் கூப்பிட்டேன். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று மிஷின் வாயைத் திறந்து சொன்னது.

உட்கார்ந்து மறுபடி எழுதலாம் என்றால் திரைகள் எல்லாவற்றின் முன்னாலும் பிள்ளைகள். முதலாளி என்னைத்தான் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து அடிக்க வைக்கச் சொன்னார். >> போட்டு, எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே ஃபைலில் ஏறும்படி செய்தேன்.

ஓர் அம்மா, "எம் புள்ளைக்கு அனா போட்டுக் காட்டுங்க சார்" என்றார்.

"இதுல அனா கிடையாதும்மா. ஏ தான் உண்டு."

"அனாவே இல்லையா? பொறவு என்னத்தக் கம்ப்யூட்டரு!"

எனக்கும் அப்போது அதே கேள்விதான் இருந்தது. மதியம் கடைசிப் பிள்ளை இறங்கியதும், முதலாளி ராஜபாளையம் போக வேண்டும் என்று கதவைப் பூட்டிவிட்டார். இரண்டு மணி நேரம் விட்டுப் போங்கள் முதலாளி என்று கேட்டேன். "மறுபடி எதாச்சும் ஆச்சுன்னா பாக்க மிஸ்ஸும் இல்லய்யா. காலைல வா" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மிஸ் வந்துவிட்டார். போன் வந்த விவரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"சிங்க் போட்டியா?"

"போட்டேன் மிஸ். டாலர் வந்துச்சு."

மிஸ் கைப்பையில் இருந்த புத்தகத்தைத் தொட்டுக்கொண்டே சொன்னார். "சிங்க் எழுதச் சொல்லுமாம். எழுதி முடிச்சுதான்னு பாக்காதாம். அந்த டாலருக்கு, சொல்லிட்டேன்னுதான் அர்த்தம். முடிச்சிட்டேன்னு அர்த்தமில்ல. திரும்பத் திரும்பப் போட்டுட்டு, கொஞ்சம் பொறுக்கணும்."

"டாலர் வந்தா செஞ்சிருச்சுன்னு அர்த்தம்னு சொன்னீங்களே மிஸ்?"

"பஸ்ல வரும்போதுதான் படிச்சேன்" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று போட்டிருந்தால் ஃபைல் தப்பித்திருக்குமா என்று கேட்டேன். அந்த ஃபைலே கெட்டுப்போனதுதான், வைத்திருந்தாலும் மிஷின் மறுபடி மறுபடி மக்கர் பண்ணும், மிஸ்ஸாக இருந்தாலும் ஒய்தான் போட்டிருப்பாராம். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் போயிருந்தாலும் இங்கேதான் வந்து நின்றிருப்பேன் என்பது மட்டும் தெரிந்தது.

நான் உட்கார்ந்து பத்து வரி எழுதுவதற்குள் மில்லில் இருந்து அதிகாரி வந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர். டை கட்டியிருந்தார். முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு பக்கத்தில் நின்றார்.

"எங்கீங்க தம்பி, உங்க புரோகிராம்?"

"போயிருச்சு சார்."

"போயிருச்சுங்களா? எப்படிங்க போகும்?"

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஏதாவது நல்லபடியாகச் சொல்வேன் என்ற நம்பிக்கையில் சிரித்தார். மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜைக்காக நிறுத்தினோம் என்றால் முதலாளிக்குத் தலைகுனிவு. பாஸ்வேர்டு இல்லை என்றால் மிஸ்ஸுக்கு. மிஷின் கேட்டதற்கு ஒய் போட்டது நான். எதைச் சொல்வது?

"டிஸ்க் கெட்டுப் போச்சு சார்" என்றேன்.

"சரிங்க. அந்தத் தம்பி காட்டி முடிக்கட்டும். அதுக்குள்ள எழுதிருங்க பார்க்கலாம்."

வத்திராயிருப்புக்காரன் எனக்காகவே இழுத்தான். ஒரே நிமிடத்தில் ஓடி முடிகிற அவன் புரோகிராமை, வரி வரியாகத் திறந்து, இது என்ன, அது எதற்கு என்று மடை, வாய்க்கால் எல்லாம் சேர்த்து விளக்கினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அதிகாரி இரண்டு தடவை "போதுங்க தம்பி" என்றார். அவன் நிறுத்தவில்லை.

நான் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் எஸ்கேப் அமுக்கி, அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கும்போது, ஐ அமுக்க மறந்துவிட்டேன். நான் எழுத்து என்று நினைத்து அடித்ததெல்லாம் கட்டளையாகப் போனது. எழுதியிருந்த வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மிஷின் கீச்சிட்டது. போனதைத் திரும்பக் கொண்டுவர யு அமுக்கினேன். கடைசியாகச் செய்ததை மட்டும்தான் அது திருப்பித் தரும். அதற்கு முன்னால் போனது போனதுதான்.

அதிகாரி என் பின்னால் வந்து நின்றபோது, மொத்தக் கூட்டல் மட்டும் வந்தது. ஷிப்ட் வாரியாக இல்லை. சவலையாக ஓடும் மிஷினைச் சொல்லும் வரி இல்லை.

"வெறும் கூட்டலுக்குக் கால்குலேட்டர் போதுமேங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கடைசி வரை கேட்டார்.

"மிஷினுக்குப் பூசை போட்டது தப்பாலே?"

"தப்பில்லப்பா."

"அந்தப் புள்ள ஒங்களுக்காக ஓட விட்டுட்டுப் போனது?"

"அதுவும் தப்பில்ல."

"பொறவு எதுதாம்லே தப்பு?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "திங்கக்கிழம எங்கூட வா. சீக்கிரம் எந்திரி" என்றார்.

ஸ்பின்னிங்கில் சேர்ந்தேன். ஓடிக்கொண்டே அறுந்த இழைகளை முடிந்துவிடும் வேலை. அந்த இரைச்சலில் மனிதக் குரல் கேட்காது. எல்லோரும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, தலை, இமை, காது மயிர் எல்லாம் பஞ்சு.

சில மாதம் கழித்து மில்லுக்கு மிஷின் வந்தது. ஆபீஸ் கட்டடத்தில் கண்ணாடி போட்டு அறை கட்டினார்கள். வத்திராயிருப்புக்காரன் அங்கே வேலைக்கு வந்தான். அப்பா சொன்னது நிஜம்தான். வாசலில் செருப்பு விடும் இடம் இருந்தது.

ஒரு மதியம், ஷிப்ட் முடிந்து கேட்டுக்குப் போகிற வழியில் அவன் கண்ணாடிக்குள் இருந்து கையை ஆட்டினான். கதவை ஒரு சாண் அளவு திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"மாப்ள, வி.ஐ.ல மாட்டிக்கிட்டேன்டா. ஷிப்ட் கணக்கு பூரா உள்ள கிடக்கு. வெளிய வர மாட்டேங்குது. செத்த உள்ள வாயேன்."

நான் என் கைகளைக் காட்டினேன். சட்டையைக் காட்டினேன். அவனும் பார்த்தான்.

"ஆமால்ல" என்றான்.

"நீ போயி உக்காரு. நான் இங்கன இருந்து சொல்லுதேன்."

கதவை அந்த ஒரு சாண் திறந்தே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது. என் மேலிருந்து எதுவும் உள்ளே பறந்துவிடக் கூடாதே என்று ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன்.

"எஸ்கேப் அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"கோலன். பொறவு டபிள்யூ, க்யூ. என்டர்."

"டாலர் வந்துருச்சு மாப்ள!"

"சிங்க் போடு."

"எதுக்குடா? அதான் வந்துருச்சே."

"போடு."

"போட்டாச்சு. வந்துருச்சு."

"இன்னொரு தடவை போடு" என்றேன். "போட்டுட்டுச் செத்த நேரம் எதையும் தொடாம இரு."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி அடித்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் வெளியே நின்றேன். ஏசி போகிறது, கதவைச் சாத்துங்கள் என்று உள்ளே யாரோ சொல்லும் வரை இருவரும் அப்படியே இருந்தோம்.